பினாங்கிலிருந்து சிங்கப்பூர் வரை: முதல் வெளிநாட்டுப் பயணத்தைத் திட்டமிடுவது எப்படி?

முதல் தடவை வெளிநாடு போகிறவர்கள் பெரும்பாலும் மலிவான விமான டிக்கெட்டைத்தான் முதலில் தேடுவார்கள். அது தப்பில்லை. ஆனால் பல ஊர் சுற்றும் பயணத்தில் போன வழியே திரும்பி வருவதிலும், விலை கூடிய ஊரில் அதிக நாள் தங்குவதிலும் பணம் கரைந்துவிடுகிறது. எந்த ஊரில் இறங்குவது, எந்த ஊரிலிருந்து கிளம்புவது, எங்கே எத்தனை இரவு என்ற மூன்றையும் முடிவு செய்த பிறகு டிக்கெட் பக்கம் போனால் நடுத்தர பட்ஜெட்டிலேயே நிம்மதியாகச் சுற்றலாம்.

பொதுவாகச் சொல்லிக்கொண்டு போனால் பயன்படாது. அதனால் ஒரே ஒரு பாதையை எடுத்துக்கொள்கிறேன்: பினாங்கு, கோலாலம்பூர், மலாக்கா, சிங்கப்பூர். தமிழ்நாட்டிலிருந்து முதல் முறை கிளம்பும் ஒரு தம்பதிக்கு இதைவிடப் பொருத்தமான பாதை எனக்குத் தெரிந்து இல்லை. விமானத்தில் நாலு மணி நேரம்தான். மலேசியாவுக்கு இப்போது விசா வேண்டாம். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. சோறும் சாம்பாரும் தேவைப்படும் அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகலாம்.

முதலில் வரைபடம்

மலேசியத் தீபகற்பத்தின் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். மேலே வடமேற்கில் பினாங்கு, நடுவில் கோலாலம்பூர், அதற்குக் கீழே மலாக்கா, கடைசியில் சிங்கப்பூர். நாலும் ஏறக்குறைய ஒரே கோட்டில் தெற்கு நோக்கி இறங்குகின்றன. ஆனால் பலரும் கோலாலம்பூரில் இறங்கி, பினாங்கு போய், மறுபடி கோலாலம்பூர் வந்து, சிங்கப்பூர் போய், ஊர் திரும்ப மூன்றாவது தடவையாகக் கோலாலம்பூருக்கே வருகிறார்கள். போக வர டிக்கெட்டை ஒரே ஊருக்கு எடுத்துவிடுவதால் வரும் வினை இது. இரண்டு முழு நாட்களும் அதற்கான பஸ், ரயில் காசும் வீண்.

பினாங்கில் இறங்குங்கள், சிங்கப்பூரிலிருந்து திரும்புங்கள். சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானத்தை இண்டிகோ 2024 டிசம்பரில் ஆரம்பித்தது. உங்கள் தேதிக்கு அது சரிப்படாவிட்டால் சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ கோலாலம்பூர் வழியாகப் பினாங்குக்கு ஒரே டிக்கெட்டாக எடுக்கலாம். திரும்பும்போது சிங்கப்பூரிலிருந்து சென்னை, திருச்சி, கோவை மூன்றுக்கும் நேரடி விமானம் உண்டு. டெல்டாக்காரர்களும் கொங்குப் பகுதிக்காரர்களும் சென்னை வரை வந்து மாறவேண்டிய அவசியமே இல்லை.

டிக்கெட் தளங்களில் ‘மல்டி சிட்டி’ என்று ஒரு வசதி இருக்கும். அதில் ஒரு விலை பாருங்கள், அப்புறம் இரண்டு தனித்தனி ஒருவழி டிக்கெட்டாக ஒரு விலை பாருங்கள். மலிவு விமான நிறுவனங்கள் ஒவ்வொரு வழிக்கும் தனித்தனியாகத்தான் விலை வைக்கின்றன என்பதால், ஒருவழி டிக்கெட் இரண்டு எடுத்தாலும் பொதுவாக விலை கூடாது. அங்கே காட்டும் விலையில் பெட்டி சேராது என்பதை மட்டும் மறக்கவேண்டாம். கையில் 7 கிலோ மட்டும் என்பார்கள், எடை போட்டும் பார்ப்பார்கள். பெட்டிக்கான காசை டிக்கெட்டோடு சேர்த்தே கட்டுங்கள். விமான நிலையத்தில் கட்டினால் பல மடங்கு ஆகும்.

எந்தக் கிழமை கிளம்புவது

இதைப் பற்றி அதிகம் பேர் யோசிப்பதில்லை. என் திட்டம் ஒன்பது இரவு: பினாங்கில் மூன்று, கோலாலம்பூரில் மூன்று, மலாக்காவில் ஒன்று, சிங்கப்பூரில் இரண்டு. திங்கட்கிழமை கிளம்பி, அடுத்த வாரம் புதன்கிழமை திரும்புங்கள்.

கணக்கை மலாக்காவிலிருந்து பின்னோக்கிப் போடவேண்டும். அங்கே ஜோங்கர் தெருவின் இரவுச் சந்தை வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும்தான். வெள்ளி, சனி இரவுகளில் உள்ளூர் மக்களும் சிங்கப்பூர்க்காரர்களும் நிறைந்து அறை வாடகை ஏறிவிடும். ஞாயிறு இரவு சந்தை இருக்கும், ஆனால் மறுநாள் வேலை என்பதால் கூட்டம் கலைந்துவிடும், வாடகையும் இறங்கும். அதனால் ஞாயிறு இரவு மலாக்கா. திங்கள் காலை எட்டரை, ஒன்பது மணிக்கு மேல் சிங்கப்பூர் பஸ். எல்லையை அடையும்போது மதியம் நெருங்கியிருக்கும், வேலைக்குப் போகிறவர்களின் காலை நெரிசல் ஓய்ந்திருக்கும். வெள்ளி மாலையிலோ ஞாயிறு மாலையிலோ அந்த எல்லையைக் கடக்க நினைத்தால் வரிசையிலேயே பொழுது போய்விடும்.

அங்கிருந்து பின்னால் எண்ணினால் வியாழன், வெள்ளி, சனி கோலாலம்பூர். திங்கள், செவ்வாய், புதன் பினாங்கு. வாரநாள் என்பதால் இரு வழி விமானமும் பெரும்பாலும் கொஞ்சம் மலிவாகவே கிடைக்கும்.

லங்காவி, கேமரன் மலை, ஜென்டிங் என்று யாராவது சேர்க்கச் சொன்னால் இந்தத் தடவை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு ஊர் மாற்றமும் அரை நாளைச் சாப்பிடும்.

மாதத்தையும் பாருங்கள். நம் ஊர்ப் பள்ளி விடுமுறையான மே மாதத்தில் டிக்கெட் விலை ஏறும். சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் சமயங்களில் மலேசிய ரயில்களில் இடமே கிடைக்காது, பல கடைகளும் மூடியிருக்கும். தைப்பூசத்துக்காகவே போகிறீர்கள் என்றால் அது வேறு கணக்கு. அறையை மாதக்கணக்கில் முன்னால் பிடித்துவைக்கவேண்டும்.

பாஸ்போர்ட்டும் விசாவும்

திரும்பி வரும் நாளிலிருந்து எண்ணினாலும் ஆறு மாதம் செல்லுபடி இருக்கும்படி பாஸ்போர்ட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். புதிதாக எடுப்பதானால் 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய் கட்டணம். போலீஸ் சரிபார்ப்புக்கு எவ்வளவு நாள் ஆகும் என்பது ஊருக்கு ஊர் மாறும் என்பதால், பாஸ்போர்ட் கைக்கு வராமல் டிக்கெட் எடுக்காதீர்கள்.

நம்மவர்களுக்கு இனிஷியல் ஒரு பெரிய தலைவலி. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டத்தில் அப்பா பெயர் விரிவாக இருக்கும். டிக்கெட் எடுக்கும்போது பழக்கத்தில் இனிஷியலை மட்டும் போட்டுவிடுவோம். கவுண்டரில் அங்கேதான் சிக்கல் வரும். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து அப்படியே அடியுங்கள். குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால், ஒற்றைப் பெயருக்கு அந்த விமான நிறுவனம் என்ன செய்யச் சொல்கிறது என்பது அதன் தளத்திலேயே இருக்கும், அதன்படி போடுங்கள்.

பத்தாம் வகுப்பு முடிக்காத பெரியவர்கள் சிலரின் பாஸ்போர்ட் ‘இசிஆர்’ வகையாக இருக்கலாம். சில நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் அரசின் முன் அனுமதி பெறவேண்டும் என்ற பாதுகாப்பு ஏற்பாடு அது, மலேசியாவும் அந்த நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. சுற்றுலாவுக்கு அது தடையில்லை. ஆனால் நம் ஊர் விமான நிலையத்தில் கூடுதலாக இரண்டு கேள்வி கேட்பார்கள். திரும்பும் டிக்கெட், ஓட்டல் முன்பதிவு இரண்டையும் காகிதத்தில் எடுத்து அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

மலேசியாவுக்கு 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் போகலாம். இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அதற்குப் பிறகு கிளம்புகிறவர்கள் மலேசியக் குடிநுழைவுத் துறையின் தளத்தைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். விசா இல்லை என்றாலும் வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பியாகவேண்டும். சிங்கப்பூருக்கும் இதேபோல ஓர் அட்டை, அதே மூன்று நாள் கணக்கு. இரண்டுமே இலவசம். தேடினால் அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டும் தனியார் தளங்கள் முதலில் வந்து நிற்கும், கட்டணமும் கேட்கும். காசு கேட்டால் அது அரசுத் தளம் இல்லை என்று உடனே வெளியே வந்துவிடுங்கள்.

சிங்கப்பூருக்கு நமக்கு விசா கட்டாயம். அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்ட் மூலம் விண்ணப்பிக்கவேண்டும். அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், கிடைக்காவிட்டாலும் திரும்ப வராது. ஏஜென்ட் தன் கூலியைத் தனியாக வாங்குவார். பயணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது கொடுப்பதுதான் வழக்கம், ஆனால் டிக்கெட்டை அதற்கும் முன்பே எடுத்தால்தான் விலை குறைவு. இந்த இழுபறிக்கு நான் சொல்லும் வழி: விமான டிக்கெட்டை முதலில் எடுங்கள். சிங்கப்பூர் ஓட்டலை இலவசமாக ரத்து செய்யும் வசதியோடு போடுங்கள். கோலாலம்பூரிலிருந்து ஊர் திரும்பும் விமானங்களையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். விசா வராமல் போனால் மலாக்காவிலிருந்து இரண்டு மணி நேரத்தில் கோலாலம்பூர் வந்து ஏறிவிடலாம்.

பினாங்கில் இறங்கி சிங்கப்பூரிலிருந்து திரும்புவதால், சென்னை கவுண்டரிலேயே ‘மலேசியாவை விட்டு எப்படி வெளியேறுவீர்கள்?’ என்று கேட்கலாம். சிங்கப்பூர் விசா, மலாக்காவிலிருந்து சிங்கப்பூர் போகும் பஸ் டிக்கெட், ஊர் திரும்பும் டிக்கெட் மூன்றின் நகலும் கையில் இருக்கட்டும்.

எவ்வளவு ஆகும்

இரண்டு பேருக்கு ஒரு கணக்கு போடுவோம். மாற்று விலை தினமும் மாறும். திட்டமிட ரிங்கிட்டுக்கு 22 ரூபாய், சிங்கப்பூர் டாலருக்கு 70 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம்.

விமானம் ஆளுக்கு 25,000 என்றால் 50,000. மலேசியாவில் சுத்தமான, சாதாரண இருவர் அறை ஓர் இரவுக்கு 150 ரிங்கிட் என வைத்தால் ஏழு இரவுக்கு 1,050 ரிங்கிட். வெளிநாட்டவரிடம் அறைக்கு இரவு ஒன்றுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி வாங்குவார்கள். ஓட்டல் தளத்தில் காட்டும் விலையில் அது பெரும்பாலும் இருக்காது. ஆக 1,120 ரிங்கிட், சுமார் 24,600 ரூபாய். சிங்கப்பூரில் அதே தரத்து அறை 140 டாலர். இரண்டு இரவுக்கே 19,600 ரூபாய். அங்கே இரண்டு இரவு என்று நான் பிடிவாதமாக நிற்பதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

சாப்பாட்டுக்கு மலேசியாவில் ஆளுக்கு நாளொன்றுக்கு 45 ரிங்கிட், சிங்கப்பூரில் 28 டாலர் வைத்தால் மொத்தம் 26,000 ரூபாய்க்குள் வரும். ரயில், பஸ், உள்ளூர்ப் போக்குவரத்து எல்லாம் சேர்த்து 13,500. நுழைவுச் சீட்டுகளுக்கு 12,000. சிங்கப்பூர் விசா இருவருக்கும் ஏஜென்ட் கூலியோடு 6,000. காப்பீடும் மொபைல் டேட்டாவும் 5,000. கூட்டினால் 1,57,000 அளவில் நிற்கும். கைக்காவலாக இன்னும் 15,000 வைத்துக்கொண்டால் ஆளுக்கு 86,000 ரூபாய். துணிமணி, பரிசுப்பொருள் இதில் சேராது.

குறைக்கவேண்டும் என்றால் சிங்கப்பூர் அறையில் கை வைக்கலாம், தங்கும் விடுதியில் படுக்கை எடுத்தால் பாதியாகும். காப்பீட்டில் மட்டும் கை வைக்காதீர்கள். இந்தியாவை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே அதை எடுத்துவிடவேண்டும்.

கார்டும் கைக்காசும்

நம் வங்கிக் கார்டுகள் வெளிநாட்டில் வேலை செய்யாதபடிதான் வரும். வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டை நீங்களே திறக்கவேண்டும். கடைக்கார இயந்திரம், ஏடிஎம், தொட்டுச் செலுத்துவது என்று தனித்தனியாக இருக்கும், எல்லாவற்றையும் பாருங்கள். சாதாரண கிரெடிட் கார்டில் 2 முதல் 3.5 சதவீதம் வரை அந்நியச் செலாவணிக் கட்டணம், அதன் மேல் ஜிஎஸ்டி. அந்தக் கட்டணம் இல்லாத கார்டோ, வெளிநாட்டுப் பணத்தை முன்பே ஏற்றிவைக்கும் ஃபாரெக்ஸ் கார்டோ ஒன்று இருந்தால் நல்லது. இன்னொரு கார்டைத் தனிப் பையில் வையுங்கள்.

ஓட்டலிலோ கடையிலோ கார்டைப் போட்டதும் இயந்திரம் சில சமயம் இரண்டு தொகையைக் காட்டும்: ஒன்று ரிங்கிட்டில், ஒன்று இந்திய ரூபாயில். ரூபாயைப் பார்த்ததும் நமக்குப் புரிகிற கணக்காயிற்றே என்று விரல் அங்கே போகும். ரிங்கிட்டைத்தான் அழுத்தவேண்டும். ரூபாயை அழுத்தினால் அந்த இயந்திரத்தை வைத்திருப்பவர்களின் மாற்று விலை விழும். அது கிட்டத்தட்ட எப்போதும் நமக்கு நட்டம். சிலர் நம்மைக் கேட்காமலேயே ரூபாயைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள், அதனால் இயந்திரத்தை நம் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு ரகசிய எண்ணைப் போடுங்கள். ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும்.

சாலையோரக் கடைகளில் ரொக்கம்தான் எளிது. விமான நிலையத்தில் முதல் நாளுக்கு மட்டும் மாற்றிக்கொண்டு, மீதியை ஊருக்குள் லிட்டில் இந்தியா பகுதிப் பணமாற்றுக் கடைகளில் மாற்றுங்கள்.

பெட்டியில் என்ன வேண்டாம்

வீட்டு மசாலாவில் கசகசா இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டுவிடுங்கள். சிங்கப்பூரில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். சூயிங்கம், மின் சிகரெட் இரண்டும் கூடாது. சிகரெட்டுக்கு வரிவிலக்கே கிடையாது, ஒரு பாக்கெட் என்றாலும் சொல்லி வரி கட்டவேண்டும். மலேசியாவிலிருந்து வருகிறவர்களுக்கு மதுவுக்கும் அந்த விலக்கு இல்லை. மருந்துகளை மருத்துவர் சீட்டோடு, அட்டை கிழிக்காமல் கொண்டுபோங்கள். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றுக்கு முன் அனுமதி தேவைப்படலாம்.

இரண்டு நாட்டிலும் பிளக் மூன்று செவ்வக முனை கொண்டது. நம் சார்ஜர் நேராகப் போகாது, ஓர் அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு சால்வையும் வேண்டும், அங்கே ரயிலிலும் பஸ்ஸிலும் ஏசி நடுக்கும்.

ஊர் ஊராக

பினாங்கில் ஜார்ஜ்டவுன் பழைய நகருக்குள்ளேயே தங்குங்கள். 2008-இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்த ஊர் இது, நடந்தே பார்க்கலாம். 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலிலிருந்து சில நிமிட நடையில் தமிழ் முஸ்லிம்கள் கட்டியெழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், அப்படியே சீனக் குலமன்றங்கள், கடலுக்கு மேல் மரத்தூண்களில் நிற்கும் குடியிருப்புகள். நகருக்குள் இலவசப் பேருந்தும் ஓடுகிறது. மூன்றில் ஒரு நாளை பினாங்கு மலைக்கும் கெக் லோக் சி கோயிலுக்கும் ஒதுக்குங்கள், இரண்டும் ஒரே பக்கம். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: மலாய்க் கடைகளில் வெறும் காய்கறிப் பொரியலிலும் பிலாச்சான் என்ற இறால் விழுது சேரும். ‘பிலாச்சான் இருக்கிறதா?’ என்றே கேளுங்கள்.

வியாழன் காலை படகில் பட்டர்வொர்த் கடந்தால் துறையை ஒட்டியே ரயில் நிலையம். அங்கிருந்து கோலாலம்பூர் சென்ட்ரலுக்கு இடிஎஸ் ரயிலில் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. மலேசிய ரயில்வேயான கேடிஎம்மின் ஆப்பில் பாஸ்போர்ட் எண்ணைப் போட்டு ஊரிலிருந்தே முன்பதிவு செய்துவிடுங்கள்.

கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் அறை எடுத்தால் அந்த ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். வாழையிலைச் சாப்பாடும் தெருவுக்குத் தெரு கிடைக்கும். பத்துமலை முருகன் கோயிலுக்கு அதே நிலையத்திலிருந்து கொம்யூட்டர் ரயில் ஒருசில ரிங்கிட்டில் போகிறது. 272 படி, காலையில் வெயிலுக்கு முன் ஏறுங்கள், முட்டி மறையும் உடை அவசியம். இரட்டைக் கோபுரத்தின் மேலே ஏற டிக்கெட் விலை அதிகம். கீழே பூங்காவில் மாலையில் உட்கார்ந்து பார்ப்பதற்குக் காசே வேண்டாம், எனக்கு அதுதான் பிடிக்கும்.

மலாக்கா பஸ் டிபிஎஸ் என்ற தெற்குப் பேருந்து முனையத்திலிருந்து கிளம்பும், இரண்டு மணி நேரம். மலாக்காவில் 1781-இல் கட்டிய பொய்யாத விநாயகர் கோயிலைத் தவறவிடாதீர்கள். தமிழ் வணிகர் வழிவந்த மலாக்கா செட்டிகளின் கோயில் அது.

பஸ்ஸில் எல்லை தாண்டுவது

புதியவர்கள் பயப்படுவது இந்த இடத்துக்குத்தான். பஸ் முதலில் மலேசியச் சாவடியில் நிற்கும். இறங்கி, வெளியேறும் முத்திரைக்கு வரிசையில் நின்று, மறுபக்கம் வந்து அதே பஸ்ஸில் ஏறவேண்டும். பாலம் தாண்டி சிங்கப்பூர்ச் சாவடியில் மறுபடி இறங்கவேண்டும், இந்தத் தடவை பெட்டி, பை எல்லாவற்றோடும். அங்கே ஸ்கேனரில் பெட்டி போகும். பஸ் நம்பரையும் நிறத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரே மாதிரி பத்து பஸ் நிற்கும். விசா உள்ளவர்களுக்குக் கேள்வி கொஞ்சம் கூடுதல் என்பதால் உள்ளூர்க்காரர்களைவிட நமக்கு நேரம் ஆகும். பஸ்காரர் எல்லோருக்காகவும் முடிவில்லாமல் காத்திருக்கமாட்டார். இறங்கும்போதே எவ்வளவு நேரம் நிற்பார் என்று கேளுங்கள். தவறவிட்டாலும் கலங்கவேண்டாம், டிக்கெட் கையில் இருந்தால் அதே நிறுவனத்தின் அடுத்த பஸ்ஸில் ஏற்றிக்கொள்வது உண்டு, இல்லாவிட்டால் சாவடியிலிருந்து நகரப் பேருந்து இருக்கிறது.

சிங்கப்பூரில் லிட்டில் இந்தியா அல்லது ஃபேரர் பார்க் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்துக்குப் பக்கத்தில் தங்குங்கள். விலை குறைந்த அறைகளில் பலவற்றுக்கு ஜன்னல் இருக்காது, முன்பதிவுப் பக்கத்தில் பார்த்துவிட்டு எடுங்கள். எம்ஆர்டியிலும் பேருந்திலும் நம் வங்கியின் விசா கார்டையோ மாஸ்டர்கார்டையோ தொட்டே போகலாம். வெளிநாட்டுக் கார்டு என்பதால் பயன்படுத்தும் நாளுக்கு 60 சிங்கப்பூர் சென்ட் கூடும், ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும். தேக்கா போன்ற உணவங்காடிகளில் சாப்பிடுங்கள். ஏசி உணவகங்களில் பட்டியல் விலைக்கு மேல் 10 சதவீதச் சேவைக் கட்டணமும் 9 சதவீத ஜிஎஸ்டியும் ஏறலாம். குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம், பாட்டில் வாங்கத் தேவையில்லை. கரையோரப் பூந்தோட்டத்தில் (கார்டன்ஸ் பை தி பே) கண்ணாடிக் கூடங்களுக்குத்தான் கட்டணம். வெளித் தோட்டமும் இரவு 7.45, 8.45 மணி ஒளிக்காட்சியும் இலவசம்.

புதன்கிழமை சாங்கி விமான நிலையத்துக்குச் சீக்கிரமே போங்கள். ஒரே கடையில் 100 டாலருக்கு மேல் வாங்கியிருந்தால் ஜிஎஸ்டியைத் திரும்பக் கேட்கலாம். அந்தப் பொருள் பெட்டிக்குள் இருந்தால் பெட்டியை ஒப்படைப்பதற்கு முன்பே வரியைத் திரும்பக் கேட்கும் இயந்திரத்துக்குப் போகவேண்டும். நகைக் கடைகளைப் பார்த்து ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வரியில்லாமல் நகை கொண்டுவரும் சலுகை ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்து திரும்புகிறவர்களுக்குத்தான். பத்து நாள் போய்வந்தவர் புது நகை வாங்கி வந்தால் சென்னையில் சுங்கத்துறையின் சிவப்பு வழியில் போய்ச் சொல்லி, கேட்கும் வரியைக் கட்டித்தான் வெளியே வரவேண்டும்.